சூளைக்குள் எட்டிப் பார்க்காத வரலாறு

சென்ற இதழில் வெளியான கொரிய மட்பாண்டக் கட்டுரையின் அலங்காரங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்: சூளை நுட்பம் சீனாவில் பிறந்தது, ஜப்பானில் செழித்தது, இடையில் கிடந்த கொரியா அதைக் கைமாற்றி விட்டது. கட்டுரையாளர் பாலம் என்று மரியாதையாகச் சொல்கிறார். தரகு வேலை என்பதுதான் பொருள். இந்தத் தீர்ப்புக்கு நான்கு தூண்கள் நட்டிருக்கிறார். உயர்வெப்பக் கலங்களைச் சுடும் நுட்பம் பியோங்யாங் பகுதியிலிருந்த சீன லெலாங் ஆட்சிப்பகுதியிலிருந்து முழுசாக இறங்கியது என்பது முதல் தூண். ஜப்பானின் சூஎ கலங்கள் கொரியா கைமாற்றிய சரக்கு என்பது இரண்டாவது. கொரியோ அரசின் காலத்துச் செலடான் எனும் பச்சைப் பூச்சுக் கலங்கள் சீனாவின் ஜெஜியாங் மாநிலத்து யுவே கலங்களின் நகல் என்பது மூன்றாவது. இதற்கு எதிராகக் கொரியத் தொல்லியலார் எழுதுவதெல்லாம் தேசப் பெருமையில் வந்த பேச்சு என்பது நான்காவது.

நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குமுன் ஒரு சங்கதி. சூளைத் தொல்லியல் பற்றித் தீர்ப்பு வழங்கும் அந்த நீண்ட கட்டுரையில், அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு கொரியச் சூளையின் பெயர்கூட இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் ஜாடிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதன் கழுத்து அதைப்போல இருக்கிறது, அதன் வயிறு இதைப்போல இருக்கிறது என்று ஜாதகப் பொருத்தம் பார்த்திருக்கிறார். கலம் ஊர் ஊராகப் போகும்; வணிகன் கொண்டுபோவான், மணப்பெண் கொண்டுபோவாள், கொள்ளைக்காரனும் கொண்டுபோவான். சூளை நகராது. எந்த மண்ணில், எந்தச் சரிவில், எந்த விறகைப் போட்டு, எத்தனை கலத்தைக் கெடுத்து ஒரு நுட்பம் கைவந்தது என்பதற்கான சாட்சி சூளைத் தரையிலும் அதன் வாசலில் சரிந்து கிடக்கும் கழிவுக் குவியலிலும்தான் இருக்கிறது. அந்தச் சாட்சியை விசாரிக்காமலே வழக்கை முடித்துவிட்டார்.

லெலாங்கிலிருந்து தொடங்குவோம். கி.மு. 108-இல் ஹான் பேரரசு நிறுவிய அந்த ஆட்சிப்பகுதி கி.பி. 313 வரை நீடித்தது. தெற்கே இருந்த சமூகங்களுக்கு அதனோடு கொடுக்கல் வாங்கல் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. வடக்கிலிருந்து வந்த சாம்பல்நிறக் கல நுட்பத்தின் தாக்கத்தில், கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் கொரியாவின் தென்கிழக்கில் வாஜில் எனப்படும் கலங்கள் தோன்றின. அதற்குமுன் அங்கே கலங்களைத் திறந்தவெளியில் விறகு அடுக்கிச் சுட்டார்கள். வாஜில் காலத்தில் மூடிய சூளை வந்தது. காற்றை அடைத்துச் சுட்டதால், செங்கல் நிறமாக வரவேண்டிய இரும்புச் சத்துள்ள மண் சாம்பல் நிறத்துக்கு மாறியது. இந்தத் தாக்கம் லெலாங் வழியாக வந்ததா, அதற்கும் முந்தைய, சீனாவின் போரிடும் நாடுகள் காலத்து நுட்பமா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வெளியிலிருந்து வந்த தாக்கம்தான். இதுவரை கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்த அடியில் வருகிறது. வாஜில் மென்மையான கலம், தண்ணீரை உறிஞ்சும். அவர் பேசும் உயர்வெப்பக் கலம் வேறு. தோஜில் என்று தொல்லியலார் அழைக்கும் அது 1,000 பாகைக்கு மேல், சிலசமயம் 1,200 பாகையை எட்டும் சூட்டில் வெந்தது. விரலால் சுண்டினால் உலோகம்போலக் கணீரென்று ஒலிக்கும். விறகுச் சாம்பல் பறந்துவந்து தோளில் விழுந்து, உருகி, தானாகவே கண்ணாடிப் பூச்சாகப் படிந்திருக்கும். இந்தக் கலம் தென்கிழக்கில் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நான்காம் நூற்றாண்டிலும் தலைகாட்டுகிறது. லெலாங்கில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவையோ குறைந்த சூட்டில் வெந்த மென்மையான கலங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சீனாவில் உயர்வெப்பக் கலங்களின் பழைய தாயகம் தெற்கே ஜெஜியாங் பக்கம். பியோங்யாங்கிலிருந்து அது கடலும் நிலமுமாக வெகுதூரம். ‘சீனா’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் தூரம் மறைந்துவிடும் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். வரைபடத்தில் மறையவில்லை.

சூளைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். வட சுங்சொங் மாகாணத்து ஜின்சொன் வட்டத்தில் சம்யோங்-ரி, சான்சு-ரி என்று இரண்டு ஊர்கள். ஹன்னாம் பல்கலைக்கழக அருங்காட்சியகம் 1986 முதல் அங்கே அகழ்ந்தது. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அடுத்தடுத்து வெட்டப்பட்ட சூளைகள், மலைச்சரிவைக் குடைந்தவை. முந்தையவற்றில் நெருப்பறை கிணறுபோல ஆழமாகவும், கலம் அடுக்கும் தரை அதற்குமேல் செங்குத்தாக ஒரு படி ஏறியும் இருக்கிறது. பிந்தையவற்றில் அந்தப் படி தேய்ந்து, நெருப்பறையும் கலத்தரையும் ஒரே ஓட்டமாகிவிடுகின்றன. விறகு போடும் முறை, தணல் சேரும் இடம், சுடர் இழுக்கும் வேகம் எல்லாம் இதனால் மாறும். ஒரே வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சூளையின் வயிற்றை மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். நுட்பம் முழுசாக வந்து இறங்கியது என்றால், இவ்வளவு காலம் அவர்கள் எதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்?

இன்னும் கிட்டே போகலாம். தெற்கே ஹாமான், காயா சிற்றரசுகளுள் ஒன்றான ஆரா காயாவின் தலைநிலம். அங்கே பொப்சு வட்டாரத்தில் உகோ-ரி சூளைகள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் கழிவில் குவிந்து கிடந்தவை உருண்டை அடியும் குட்டைக் கழுத்தும் கொண்ட ஜாடிகள். உருண்டை அடி தரையில் நிற்காது. சரிந்த சூளைத் தரையில் சொல்லவே வேண்டாம். அதனால் அடியில் வைக்கோலை முட்டுக்கொடுத்து அடுக்கியிருக்கிறார்கள். வைக்கோல் எரிந்து போய்விட்டது; அதன் தடம் மட்டும் ஜாடியின் அடியில் கல்லில் வெட்டியதுபோல நிற்கிறது. வயிற்றில் கயிறு சுற்றிய தட்டுப்பலகையால் தட்டிய வரிகள். சில ஜாடிகளில் சுடுவதற்குமுன் ஈரமண்ணில் கீறிய சிறுகுறிகள்: ஒரு கோடு, இரண்டு கோடு, வளைவு. ஒரே சூளையைப் பலர் பகிர்ந்து சுட்டபோது யாருடைய ஜாடி எது என்று அடையாளம் காண இட்டவை என்பது ஒரு விளக்கம். இந்த உருண்டை ஜாடியின் வடிவம் வாஜில் காலத்திலிருந்தே அங்கே தொடர்ந்து வருவது. அதாவது, தங்கள் பழைய ஜாடியைத் தங்கள் வைக்கோல்மேல் வைத்து, சூட்டை மட்டும் நூற்றுக்கணக்கான பாகை ஏற்றியிருக்கிறார்கள். தரகன் இப்படி வேலை செய்ய மாட்டான். வாங்கிய சரக்கைப் பிரிக்காமல் விற்பவன்தான் தரகன்.

சூட்டை ஏற்றுவது என்பது கூடுதலாக விறகு போடுவது என்று நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மண் 1,200 பாகையைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கொப்புளித்து, குழைந்து, பக்கத்து ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். சரிவு செங்குத்தாக இருந்தால் சுடர் சூட்டைச் சேர்க்காமலே புகைவாய் வழியாக ஓடிவிடும்; படுத்திருந்தால் இழுக்காது. கடைசிக் கட்டத்தில் வாயையும் புகைவழியையும் எப்போது அடைப்பது என்பது கண்ணாலும் மூக்காலும் அறிய வேண்டியது. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நிமிட வேலை என்பார்கள். நான்காம் நூற்றாண்டுக் குயவர்களின் வேலையைச் சென்ற இதழில் ஒரு பத்தியில் உடைத்திருக்கிறார்கள்.

ஜப்பானுக்கு வருவோம். ஒசாக்காவின் தெற்கே சூஎமுரா என்ற பெருஞ்சூளை வட்டாரம். 500-க்கும் மேற்பட்ட சூளைகள். அவற்றுள் மிகப் பழையவை என்று கருதப்படுபவை டிஜி232, டிகே73 என்ற எண்களால் அறியப்படுகின்றன. நிஹோன் ஷோகி என்ற எட்டாம் நூற்றாண்டு வரலாற்று நூல், யூர்யாக்கு மன்னர் காலத்தில், 463-க்கு ஒப்பான ஆண்டில், பெக்சே நாட்டிலிருந்து குயவர்கள் வந்ததாகப் பதிகிறது. கட்டுரையாளர் இதைப் பிடித்துக்கொண்டு, சீனாவிடம் பெற்றதைப் பெக்சே ஜப்பானுக்கு அனுப்பியது என்று கணக்கை முடிக்கிறார். சில்லுகள் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. டிஜி232 வகைக் கலங்களோடு உஜியில் கிடைத்த மரம் 389-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. டிகே73 வகைக் கலங்களோடு நாராவில் கிடைத்த மரம் 412-இல் வெட்டப்பட்டது. இரண்டும் மரவளையங்களை எண்ணிக் கண்ட ஆண்டுகள். நூல் சொல்லும் குயவர்கள் கப்பலேறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே சூஎ சூளைகள் புகைந்துகொண்டிருந்தன.

வடிவத்தையும் பாருங்கள். தொடக்ககாலச் சூஎ கலங்களில் கால்வைத்த கிண்ணங்கள், பெரிய ஜாடித்தாங்கிகள், அவற்றின் காலில் வெட்டிய சன்னல்கள். இவற்றின் சொந்தக்காரர்களைத் தேடினால் காயாவின் ஹாமானும் கிம்ஹேயும் பூசானும், யோங்சான் ஆற்றுப் பகுதியும் முன்னால் வந்து நிற்கின்றன. ஹாமான் குயவர்கள் கிண்ணக் காலில் தீச்சுடர் வடிவில் ஒரு சன்னல் வெட்டுவார்கள். கீழே வட்டம், மேலே கூர். ஆரா காயாவின் முத்திரை என்று சொல்லத்தக்க அந்தச் சுடர்ச் சன்னல் ஜப்பானிலும் கிடைத்திருக்கிறது. சீனாவின் எந்தச் சூளையில் இதன் மூலம் இருக்கிறது? கைமாற்றப்பட்ட சரக்கு என்றால், கொடுத்தவர் கையில் அது முதலில் இருந்திருக்க வேண்டாமா? கியூஷுவின் அசாகுரா போன்ற வேறு இடங்களிலும் தொடக்ககாலச் சூஎ சூளைகள் உண்டு. ஒரு பாலத்தின் வழியாக ஒரு முறை நடந்த ஒப்படைப்பு அல்ல இது. வெவ்வேறு ஊர்க் குயவர்கள் வெவ்வேறு துறைகளில் இறங்கி, தங்கள் தங்கள் கைப்பழக்கத்தோடு சூளை வெட்டியிருக்கிறார்கள்.

இனி நான்காவது தூண், தேசப் பெருமைக் குற்றச்சாட்டு. இதை முன்னுக்கு இழுக்கிறேன், ஏனென்றால் கட்டுரையிலேயே மிகவும் பொறுப்பற்ற பகுதி இதுதான். கிம்ஹே சிப்பிமேட்டை 1920-இல் அகழ்ந்தவர்கள் ஹமாதா கோசாக்கு, உமெஹாரா சுஎஜி என்ற ஜப்பானிய அறிஞர்கள். அங்கே வாங் மாங் காலத்துச் சீன நாணயம் ஒன்று கிடைத்தது. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சானது. அதைக்கொண்டு அந்த மேட்டின் கெட்டிக் கலங்கள் உட்பட எல்லாமே முதல் நூற்றாண்டு என்ற எண்ணம் நிலைத்தது. நாணயம் அச்சான ஆண்டு, அதோடு கிடந்த மண் அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு பிந்தியது என்று சொல்லாது. இருந்தாலும் அந்தப் பழமை கொரியாவுக்குப் பெருமைதானே? பெருமைதான் குறி என்றால் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம்.

நடந்தது நேர்மாறு. 1980-களின் தொடக்கத்தில் ஷின் கியோங்-சொல், சோய் ஜொங்-கியு என்ற கொரியத் தொல்லியலார்தான் அந்தக் காலக்கணக்கை உடைத்தார்கள். தென்கிழக்கின் கல்லறைகளில் கலங்களை வரிசைப்படுத்திப் பார்த்து, மென்மையான வாஜில் முதலில் வருகிறது, கெட்டியான தோஜில் அதன்பிறகே வருகிறது, ஆகவே கெட்டிக் கலத்தின் பிறப்பை ஓரிரு நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று வாதிட்டார்கள். கடும் எதிர்ப்பு வந்தது, நீண்ட விவாதம் நடந்தது, வாஜில்–தோஜில் வரிசை நிலைபெற்றது. செலடானிலும் இதே கதை. ஒன்பதாம் நூற்றாண்டு என்று ஒருகாலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்ட அதன் தொடக்கத்தை, சூளைகளைத் தோண்டிய பிறகு பத்தாம் நூற்றாண்டுக்கு இறக்கியவர்களில் கொரிய ஆய்வாளர்களே முன்னால் நிற்கிறார்கள். தன் நாட்டுக் கலத்தின் வயதைத் தானே இரண்டு முறை குறைத்துக்கொண்ட ஒரு துறையைப் பார்த்துத் தேசவெறி என்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும், அல்லது எதையும் படிக்காமல் இருக்க வேண்டும்.

வெறி எங்கே இருந்தது என்றால், பாலம் என்ற கருத்தின் பிறப்பிடத்தில் இருந்தது. கொரியத் தீபகற்பத்துக்குத் தன்னியக்கம் இல்லை, அது எப்போதும் வெளியார் தள்ளியே நகர்ந்தது என்று காலனியாட்சிக் காலத்தில் (1910–1945) ஒரு வரலாற்றுப் பள்ளி எழுதிவந்தது. ஆள வந்தவர்களுக்கு அது வசதியான கோட்பாடு. அந்தக் காலத்திலும் எல்லாரும் அப்படிப் பார்க்கவில்லை. பள்ளி ஆசிரியராகக் கொரியாவுக்குப் போன அசாகாவா நோரிதாக்கா ஊர் ஊராக நடந்து ஏறத்தாழ 700 சூளைத் தடங்களைத் தேடிப் பதிவுசெய்தார். ஆள வந்த இனத்தைச் சேர்ந்த அவருக்கே சில்லு பொறுக்கக் குனிய மனம் வந்தது. நம் கட்டுரையாளருக்கு நிமிர்ந்தே தீர்ப்புச் சொல்லப் பிடிக்கிறது.

மூன்றாவது தூணான செலடான். இங்கே அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் பதிலும் கவனமாக இருக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் கொரியாவின் நடுமேற்கில் செங்கல்லால் கட்டிய சூளைகள் திடீரென்று தோன்றுகின்றன: இன்றைய வடகொரியாவில் வொன்சான்-ரி, தெற்கில் சிஹுங் பாங்சான்-தோங், யோங்-இன் சொ-ரி. நீளம் சுமார் 40 மீட்டர். கலத்தைச் சாம்பல் விழாமல் காக்கும் மண்பெட்டிகள், யுவே கிண்ணங்களை அச்சாக ஒத்த அகன்ற அடிவளையம், எல்லாம் ஜெஜியாங் முறை. வொன்சான்-ரியில் 992-ஆம் ஆண்டு பொறித்த சடங்குக் கலமும் கிடைத்திருக்கிறது. சீனக் கைகளே வந்து கட்டியிருக்கலாம் என்று கொரிய ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். யாரும் மறைக்கவில்லை.

கட்டுரையாளர் வண்டியை இங்கேயே நிறுத்திவிடுகிறார். சொ-ரியில் 1980-களில் அகழ்ந்தவர்கள் நிறுத்தவில்லை. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகச் சூளைகள் படிந்திருக்கின்றன. அடியில் செங்கல் சூளை. மேலே வர வர மண் சூளை. கடைசி மண் சூளை 83 மீட்டர் நீளம். கழிவு அடுக்கில் கீழே செலடான், மேலே வெண்கலங்கள். கடன் வாங்கிய செங்கல்லைக் கைவிட்டு, தங்களுக்குப் பழகிய மண்சுவருக்குத் திரும்பி, நீளத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். தெற்கே காங்ஜினிலோ தொடக்கம் முதலே சிறிய மண் சூளைகள்தான். அங்கே ஏறத்தாழ 180 சூளைத் தடங்கள். செங்கல் சூளைகள் அணைந்துபோக, செலடானின் உச்சம் இந்த மண் சூளைகளிலிருந்துதான் வந்தது. 1123-இல் தூதுக்குழுவோடு வந்த சொங் நாட்டு அதிகாரி ஷு ஜிங், கொரியோ மக்கள் தங்கள் கலத்தின் பச்சைக்குத் தனிப்பெயர் வைத்திருப்பதையும், அண்மைக்காலத்தில் அதன் தரம் உயர்ந்திருப்பதையும் குறித்துவைத்தார். அப்போது யுவே சூளைகள் தங்கள் நல்ல காலத்தைத் தாண்டிவிட்டிருந்தன. மாமியார் வீட்டிலிருந்து வந்த அம்மியில் அரைத்தது என்பதற்காக மருமகளின் சட்னியை மாமியார் சமையல் என்று எழுதுவதுபோல இருக்கிறது இந்த நகல் வாதம். அம்மியைக்கூட மாற்றிவிட்டாள் என்பதைச் சொ-ரி காட்டுகிறது.

இந்தச் சூளைகள் சந்தைக்குச் சில்லறை செய்யும் குடிசைகள் என்ற தோற்றத்தையும் கட்டுரை தருகிறது. 2007-இல் தேஆன் கடலில் ஒரு மீனவர் பிடித்த குட்டி ஆக்டோபஸ் ஒரு செலடான் தட்டைப் பற்றிக்கொண்டு மேலே வந்தது. அதைத் தொடர்ந்து தேடியபோது அமிழ்ந்த கப்பலும் 20,000-க்கும் மேற்பட்ட கலங்களும் கிடைத்தன, கூடவே மரச்சீட்டுகள். சரக்கு ஏற்றிய இடம் தாம்ஜின், அதாவது காங்ஜின். போகவேண்டிய இடம் தலைநகர் கேகியோங். யார் வீட்டுக்கு என்பதுவரை எழுதியிருந்தது. அதற்கும் முந்தைய நாஜு ஓரியாங்-தோங்கை எடுத்துக்கொண்டால், ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் ஆள் உயரம் வரும் ஈமத்தாழிகளைச் சுடுவதற்கென்றே ஒரு மலைச்சரிவு முழுக்கச் சூளைகள். அவ்வளவு பெரிய தாழியை வெடிக்காமல் காயவைத்து, உடையாமல் உள்ளே ஏற்றி, ஒரே சூட்டில் வேகவைப்பது எப்படி என்று அறிய, நாஜு தேசிய ஆய்வு நிறுவனம் 2008 முதல் அதையே செய்துபார்க்கும் பரிசோதனைகளை நடத்தியது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு இந்தத் தாழியைக் கைமாற்றினார்கள் என்று கட்டுரையாளர் சொன்னால் நல்லது.

தேசப் பெருமைக் குற்றச்சாட்டுக்கு இன்னொரு பதிலும் உண்டு. கியோங்ஜுவில் குதிரைப் பந்தயத் திடல் கட்டத் தேர்ந்த இடத்தில், சொன்கோக்-தோங், முல்சொன்-ரி பகுதியில், சில்லா அரசின் காலத்துச் சூளைக் கூட்டம் வெளிப்பட்டது. பெரும்பணம் புரளும் திட்டம். உள்ளூர் அரசியலும் உள்ளூர் வாக்கும் திடலின் பக்கம். 2001-இல் அந்த இடம் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. திடல் அங்கே கட்டப்படவில்லை. அங்கே காட்சிக்கு வைக்கப் பொற்கிரீடம் எதுவும் இல்லை. எரிந்த தரையும் சாம்பலும் கோணிப்போன கலங்களும்தான். பெருமையைத் தேடுகிறவர்கள் கியோங்ஜுவில் கிரீடத்தைத்தான் தோண்டுவார்கள்.

வெளியிலிருந்து வாங்காத கைத்தொழில் உலகில் இல்லை. ஜெஜியாங் குயவனும் ஒருகாலத்தில் யாரிடமோ கற்றவன்தான். வாங்கியவன் அதன்பிறகு என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சூளைத் தரையில் இருக்கிறது. என் வாதத்தையும் அதே தரையில் வைத்தே உடைக்கலாம். பியோங்யாங் பகுதியில், ஹாமான் சூளைகளுக்கு முந்தைய ஒரு சூளை, அதன் வாசலில் உருகி ஒட்டிய தோஜில் கழிவோடு கிடைக்கட்டும். முதல் தூண் நிற்கும். சுடர்ச் சன்னல் வெட்டிய கிண்ணம் ஒன்று சீனச் சூளைக் கழிவில் கிடைக்கட்டும், இரண்டாவதும் நிற்கும். அப்போது அவர் பக்கம் நின்று எழுத எனக்குத் தயக்கமில்லை. அதுவரை அந்தக் கட்டுரையைப் படக்கதையாகப் படிக்கலாம். தொல்லியல் என்று மாணவர்கள் மேற்கோள் காட்டிவிடக் கூடாது.